ஆறு பொத்தான்களில் ஒன்று

டேட்டன், ஒஹாயோ
9 நவம்பர் 1970

மதிப்பிற்குரிய திரு. ஹோசியா பெட்வே அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்காவது முறையாகத் தொடங்குகிறேன். முதல் மூன்று முறையும், உங்களை எப்படி அழைப்பது என்ற இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. எங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்று அழைக்க வேண்டும் என்பது விதி. உங்களை அப்படி அழைக்க விதி இடம் தரவில்லை. 'திரு' என்று எழுத மனம் இடம் தரவில்லை. கடைசியில் விதியின் பக்கம் சாய்ந்தேன்.

நான் எராஸ்மஸ் டாலிவர். ஹார்லோ கல்லூரியில் உங்களோடு படித்தவன், அங்கே நாம் தொடங்கிய மாணவர் சங்கத்தின் முதல் செயலாளர். பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் லத்தீன் கற்பித்து ஓய்வு பெற்றேன். உங்கள் முகவரியை ஓக்லாந்து பாப்டிஸ்ட் சபை ஒன்றின் உறுப்பினர் பட்டியலில் கண்டெடுத்தேன். அது நீங்கள்தானா என்றுகூட உறுதியாகத் தெரியவில்லை. வேறு ஒரு பெட்வேக்கு இது வந்து சேர்ந்திருந்தால் அவர் மன்னிக்க வேண்டும்.

வரும் பிப்ரவரி 27ஆம் தேதி சங்கத்துக்கு ஐம்பது வயது நிறைகிறது. இன்று அதற்கு இருபத்திரண்டு கல்லூரிகளில் கிளைகள் உள்ளன. தொடக்க வரலாற்றை எழுதித் தரும்படி ஆண்டு விழாக் குழு என்னிடம் கேட்டிருக்கிறது. நான் இதற்குத் தகுதியானவன் அல்லன். ஆனால் நிறுவியவர்கள் ஆறு பேரில் நான் ஒருவன்தான் மிச்சம். டாக்டர் வெண்டல் ஆர்ம்ஸ்டெட் சென்ற ஏப்ரலில் க்ளீவ்லாந்தில் காலமானார். கல்லூரி வாசலில் ஒரு கல் நடப்போகிறார்கள். என் வரலாற்றில் உள்ள பெயர்கள் அதில் வெட்டப்படும். பிப்ரவரி விழா முடிந்ததும் பட்டியல் கல்வெட்டுபவரிடம் போய்விடும்.

உங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. நம் சங்கத்தின் பெயரான மூன்று கிரேக்க எழுத்துகளைத் தேர்ந்தவர் நீங்கள் என்பது என் நினைவு, சரிதானா? உறுதிமொழியின் முதல் வடிவம் உங்கள் கையெழுத்தில் இருந்ததாகவும் நினைவு. என் குறிப்பேட்டில் இவை இரண்டும் இல்லை. அவை இல்லாததற்குக் காரணம் நான்தான்.

பணிவுடன்,
எ. டாலிவர்


ஓக்லாந்து, கலிஃபோர்னியா
20 நவம்பர் 1970

டீக்கன்,

சபைப் பெரியவர் மாதிரி இருக்கிறாய் என்று உன்னை நாங்கள் டீக்கன் என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா? வயது இருபது, நடை எழுபது. இப்போது எழுபது வந்துவிட்டது, நடைக்கும் வயதுக்கும் சண்டை தீர்ந்திருக்கும்.

என்னை 'நீங்கள்' என்று எழுதாதே. ஒரே கோட்டை ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொண்டு நாம் வகுப்புக்குப் போனவர்கள். நீ விதிக்கும் மனதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று படிக்கும்போதே தெரிகிறது.

முப்பத்தொரு வருடம் நான் இந்த ஊரில் தபால்காரன். எல்லார் வீட்டுக் கடிதத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஹார்லோ முத்திரையோடு ஒன்று எனக்கு வரும் என்று முதல் பத்து வருடம் பையைத் துழாவியிருக்கிறேன். அப்புறம் விட்டுவிட்டேன். இப்போது ஓய்வு பெற்று, முழங்கால் போன பிறகு, வேறு எவனோ சுமந்து வந்து போடுகிறான். உள்ளே இரண்டு கேள்வி!

பதில் இதோ. எழுத்துகள் என்னுடையவை. உறுதிமொழி என்னுடையது. சங்கம் வேண்டும் என்று முதலில் சொன்ன வாயும் என்னுடையதுதான். அந்தக் கல்லூரியில் நாம் பதினொரு கறுப்பு மாணவர்கள். விடுதியில் இடம் இல்லை, உணவுக்கூடத்தில் மேசை இல்லை. நான் வெள்ளைக்காரப் பையன்களின் சங்க வீட்டில் பரிமாறி, தட்டுக் கழுவிப் படித்தேன். அவர்கள் எப்படிக் கூடுகிறார்கள், எப்படி ஆள் சேர்க்கிறார்கள் என்று காபி ஊற்றிக்கொண்டே பார்த்து உங்களுக்கு வந்து சொன்னவன் நான். "டேய், நமக்கும் ஒரு மேசை வேணும்டா" என்றேன். நீ உடனே பென்சிலைச் சீவினாய்.

அதை எழுதிக்கொள். ஆர்ம்ஸ்டெட் வாக்குப் பெட்டியில் எனக்கு எதிராக வெள்ளைப் பொத்தானைப் போட்டான், ஒரு சட்டைப் பொத்தானால் என்னை வெளியே தள்ளினான், அதையும் எழுதிக்கொள். செத்தவனைப் பற்றிக் கெட்டது எழுத உனக்குக் கை வராது. அப்படியானால் என் பெயரையும் விட்டுவிடு. இத்தனை வருடம் விட்டதுதானே.

ஹோசியா


டேட்டன்
1 டிசம்பர் 1970

ஹோசியா,

'நீ' என்று எழுத முயல்கிறேன். பழகவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இனி நான் எழுதப்போவதை முன் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தகவல் கேட்பதுபோல் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு விதமாக எனக்கு எழுத வராது.

1921 பிப்ரவரி 27, ஞாயிறு. மெதடிஸ்ட் கோயிலின் கீழ்த்தளத்தில் ஆறு பேர் கூடிச் சாசனத்தில் கையெழுத்திட்டோம். நீ வேலை பார்த்த சங்க வீட்டில் அன்று விருந்து, உன்னால் வர முடியவில்லை. மறு ஞாயிறு, மார்ச் 6, பகல் இரண்டு மணிக்கு நீ வந்தாய். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனாய். அப்போது, சாசனத்தில் முதல் நாள் கையெழுத்திடாதவர் யாரானாலும் வாக்கெடுத்துத்தான் சேர்க்க வேண்டும் என்று விதி இருப்பதை எடுத்துச் சொன்னவன் நான். அந்த விதியை எழுதியவனும் நான். நீ சிரித்தாய்.

"ஏன் டீக்கன், மூச்சு விடுறதுக்கும் தீர்மானம் போடணுமா? சரி, போடுங்கப்பா ஓட்டு."

பொத்தான்களையும் நீதான் கொண்டுவந்திருந்தாய், சுருட்டுப் பெட்டியோடு. வெள்ளைக்காரர்கள் வீட்டில் வாக்குக்குக் கோலிக்குண்டு போடுவார்கள்: வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு, ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. அதைச் சொல்லிவிட்டு நீ கேட்டாய்.

"ஒரு விஷயம் கேக்கறேன். நம்ம வீட்டுலயும் கறுப்புன்னா வெளிய போன்னு அர்த்தமா? கண்ணாடியில மூஞ்சி பாத்துட்டுச் சொல்லுங்க."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ஆர்ம்ஸ்டெட்தான் எழுந்து முன்மொழிந்தான்: "இந்தச் சங்கத்துல கறுப்புன்னா வா, வெள்ளைன்னா வேண்டாம்." ஒருமனதாக நிறைவேறியது. நான் எழுதிக்கொண்டேன். உன்னை மாடிப்படிக்கு அனுப்பிவிட்டு வாக்கெடுத்தோம்.

ஹோசியா, நான் அப்போது கூட்ட நடைமுறை பற்றிய கையேடு ஒன்றை மனப்பாடமாகப் படித்து வைத்திருந்தேன். ஒரு கூட்டத்தில் போட்ட தீர்மானம், அதன் குறிப்பு அடுத்த கூட்டத்தில் வாசித்து ஏற்கப்பட்ட பிறகுதான் நடப்புக்கு வரும் என்று எனக்கு ஓர் எண்ணம். அது தவறான எண்ணம். கையேட்டில் அப்படி இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன். ஆகவே அன்றைய வாக்குக்கு, வெள்ளை என்றால் சம்மதம் என்ற பழைய முறையே செல்லும் என்று நினைத்தேன். உன்னைச் சேர்க்க வேண்டும் என்று முழு மனத்தோடு வெள்ளைப் பொத்தானைப் போட்டேன்.

ஆர்ம்ஸ்டெட் பெட்டியைக் கவிழ்த்தான். ஐந்து கறுப்பு, ஒரு வெள்ளை.

நான் வாயைத் திறந்தேன். ஆனால் தன் வாக்கை வெளியே சொல்பவர் உறுப்பினர் உரிமை இழப்பார் என்றும் ஒரு விதி இருந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். நீ படியிறங்கி வந்தாய்.

"எத்தனை வெள்ளை?"

"ஒண்ணு," என்றான் ஆர்ம்ஸ்டெட்.

"ஒண்ணு போதுமே," என்று தொப்பியை எடுத்தாய். போகும்போது அவனைப் பார்த்தாய்.

அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சொல்லிவிடுவது என்று என்ன பேச வேண்டும் என்பதைக்கூட எழுதி வைத்திருந்தேன். அதற்குள் நீ ஊரை விட்டுப் போய்விட்டாய். பட்டத்துக்கு ஓராண்டே மிச்சம் இருந்தது.

மன்னிப்புக் கேட்பதற்குச் சரியான சொற்கள் எவை என்று தெரியவில்லை. மூன்று மொழிகளில் தேடினேன்.

எராஸ்மஸ்


ஓக்லாந்து
14 டிசம்பர் 1970

டாலிவர்,

உன் கடிதத்தை என் மனைவி லூடி படித்தாள். எனக்குக் கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அவளிடம் கொடுத்தேன். பாதியில் வாங்கிவிட்டேன்.

நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். மறுநாள் திங்கட்கிழமை அந்தச் சங்க வீட்டில் ஆள் சேர்ப்பு. அவர்களுடைய வாக்குப் பெட்டியைத் தட்டில் வைத்துச் சுற்றிக் கொண்டுபோனது நான். ஒரு வீட்டில் பெட்டியைச் சுமக்கிற வேலைக்காரன், இன்னொரு வீட்டில் பெட்டி வெளியே துப்பினவன். அன்று கையில் இருந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டு நடந்தேன். படிப்பு அத்தோடு போயிற்று. கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது மோசமான வேலை இல்லை. ஆனால் நான் சட்டம் படிக்க இருந்தவன்.

அது என் கணக்கு, அதை விடு. நீ செய்தது வேறு ஒன்று இருக்கிறது.

1934இல் ஆர்ம்ஸ்டெட் டாக்டர்கள் மாநாட்டுக்கு இங்கே வந்தான். என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வாசலில் வந்து நின்றான். பளபளவென்று காலணி.

"ஹோசியா, நான் இல்லப்பா. நான் கறுப்புதான் போட்டேன்."

"அப்ப யாரு?"

"தெரியும். சொல்ல மாட்டேன். ரகசியம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். அவன் கெட்டவன் இல்ல. பயந்தவன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர் ஐயா, எங்க தெருவுல சேறு அதிகம், ஷூ பாழாயிடும், கிளம்புங்க." கதவைச் சாத்தினேன். அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.

வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால், "நம்ம ஆளு ஒருத்தன் அவங்க வீட்டுத் தட்டு கழுவுறது பாக்க நல்லாவா இருக்கு?" என்று அவன் கேட்டிருந்தான். அதை வைத்துக்கொண்டு நாற்பத்தொன்பது வருடம் அவனை வெறுத்தேன். அவன் உன் முகத்தைப் பார்த்து அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கிறான். உனக்காக வாயை மூடிக்கொண்டே செத்துப்போனான்.

எனக்கு நீ செய்ததை ஒருவேளை நான் சமாளிப்பேன். அவனுக்குச் செய்ததை யாரிடம் போய்ச் சமாளிப்பாய்?

பதில் எழுதாதே என்று எழுத நினைத்தேன். லூடி கூடாது என்கிறாள்.

ஹோ. பெ.


டேட்டன்
4 ஜனவரி 1971

அன்புள்ள ஹோசியா,

ஆர்ம்ஸ்டெட்டுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஆண்டுதோறும் விழாவில் அவன் பக்கத்தில்தான் எனக்கு இருக்கை. ஒருமுறை, 1934 அல்லது 35 ஆக இருக்கலாம், "எராஸ்மஸ், உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். உணவு நன்றாக இருக்கிறது என்றேன்.

கிறிஸ்துமஸ் முழுவதும் பழைய குறிப்பேட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். மார்ச் 6 கூட்டக் குறிப்பின் கடைசியில் 'கூட்டம் நிறைவுற்றது' என்ற வரி இல்லை. யாரும் முடித்துவைக்க முன்மொழியவில்லை. எல்லாரும் எழுந்து போய்விட்டோம். அடுத்த ஞாயிறு நான் புதிய பக்கத்தில் தொடங்கியிருக்கிறேன். விதிப்படி பார்த்தால் அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லை. முடியாத கூட்டத்தில் ஒரு வாக்கை மறுபடி எடுக்கலாம். இதற்கு விதி இருக்கிறது. இந்தமுறை கையேட்டை மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஆகவே குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். அதன் நகலை இணைத்துள்ளேன். '1921 மார்ச் வாக்கெடுப்பில் நடைமுறை குறித்த ஐயம் காரணமாக ஒரு வாக்கு பிழையாக அமைந்தது. அதைத் திருத்தி, திரு. பெட்வேயின் பெயரை நிறுவியவர் வரிசையில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.' இதில் யாருக்கும் மனவருத்தம் வராது. நீ ஒப்புக்கொண்டால் நாளையே அனுப்பிவிடுவேன்.

எராஸ்மஸ்


ஓக்லாந்து
13 ஜனவரி 1971

டீக்கன்,

உன் குறிப்பைப் படித்தேன். நல்ல கையெழுத்து. வாக்கு இருக்கிறது, ஐயம் இருக்கிறது, பெட்வே இருக்கிறான். டாலிவர் எங்கே? கையில் பொத்தானைப் பிடித்திருந்த ஆள் எங்கே?

அந்தப் பேப்பர் வழியாக நான் உள்ளே வர மாட்டேன். பூட்டு சரியாகப் பூட்டவில்லை, பின்கதவால் நுழைந்துகொள் என்கிறாய். நான் வாசல் வழியாக வருகிறவன்.

கல்லில் என் பெயர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் பேத்தி அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். அவள் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு வழிதான் உண்டு. விழா அன்று எழுந்து நில். பேப்பர் இல்லாமல் சொல். "அந்த வெள்ளைப் பொத்தானை நான் போட்டேன். ஆர்ம்ஸ்டெட் போடவில்லை." இவ்வளவுதான். ஒரு மூச்சில் முடியும்.

அதற்கு முன்னால் அவன் மனைவி கோராவைப் போய்ப் பார். கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் கேட்கக் கூடாது. முதலில் அவளுக்கு.

முடியாது என்றால் ஆறு பெயரோடு கல்லை நடட்டும். நான் உனக்கு எதிரி ஆக மாட்டேன். கடிதம் மட்டும் நின்றுவிடும்.

ஹோசியா

பி.கு. லூடி சொல்கிறாள்: "அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலி ஏதாவது இருக்கான்னு முதல்ல கேளு, அப்புறம் மிரட்டு." இருக்கிறதா?


டேட்டன்
1 மார்ச் 1971

அன்புள்ள ஹோசியா,

நெஞ்சு வலி இல்லை. வயிற்றில் கொஞ்சம் புண். உன் மனைவிக்கு என் நன்றி.

பிப்ரவரி 12ஆம் தேதி பேருந்தில் க்ளீவ்லாந்து போனேன். திருமதி ஆர்ம்ஸ்டெட் பழச்சாறு கொடுத்தார். அதைக் குடித்து முடிக்கும் வரை சொல்லவில்லை. பிறகு சொன்னேன். அவர் காலித் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா யாரோ ஒருத்தருக்காக அவர் பொறுத்துக்கிட்டு இருந்தாருன்னு தெரியும். 'கோரா, ஒரு நாளைக்கு அவனே சொல்லுவான் பாரு'ன்னு சொல்லுவாரு. நான்தான் நம்பல."

"ரொம்பத் தாமதமா வந்திருக்கேம்மா."

"ஆமா. பத்து மாசம் தாமதம்," என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. அவரும் விழாவுக்கு வருவதாகச் சொன்னார். தன் செலவில், தன் காரில்.

27ஆம் தேதி, சனிக்கிழமை. கூடத்தில் இருநூறு பேருக்கு மேல். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தலைமுடியைப் பெரிய உருண்டையாக வளர்த்திருக்கிறார்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு மேடை தெரியாது, அது எனக்கு ஆறுதலாக இருந்தது. குழுவின் தலைவன் கார்வின் என்ற மாணவன். என்னை அழைத்தான். வரலாறு பதினான்கு பக்கம், கையில் இருந்தது. நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

நீ சொன்னபடி ஒரு மூச்சில் முடியவில்லை. மூன்று மூச்சு ஆயிற்று. பொத்தானை நான் போட்டேன் என்றேன். ஆர்ம்ஸ்டெட் போடவில்லை என்றேன். இந்தச் சங்கத்தை முதலில் நினைத்தவர் ஹோசியா பெட்வே, அவரை வெளியேற்றியது என் தவறு, அதைவிடப் பெரிய தவறு என் மௌனம் என்றேன். வாக்கை வெளியே சொன்னதால் விதிப்படி என் உறுப்பினர் உரிமை போகிறது என்றும் சொல்லி, என் கோட்டிலிருந்து சங்கச் சின்னத்தைக் கழற்றினேன். அது நாடகத்துக்காக அல்ல. விதி அப்படித்தான் இருக்கிறது.

யாரோ ஒரு பையன், "என்னய்யா இது, அநியாயம்!" என்று கத்தினான். எது அநியாயம் என்றானோ தெரியாது. இரண்டு பக்கமும் பொருந்தும். இன்னொருவன், "பாட்டனுக்குப் பைத்தியமா? அம்பது வருஷமாவா?" என்றான். சரியான கேள்வி. நான் தலையாட்டினேன். சிலர் சிரித்தார்கள்.

கார்வின் எழுந்தான். "அந்த ரகசிய விதி இன்னும் இருக்கா? எனக்கே தெரியாது. யாராவது படிச்சிருக்கீங்களாப்பா?" யாரும் படித்திருக்கவில்லை. கால் மணி நேரத்தில் அந்த விதியை நீக்கினார்கள். எனக்கு ஒரு கணம், அது அடுத்த கூட்டத்தில்தான் நடப்புக்கு வருமோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

பிறகு உன் பெயர். வாக்குப் பெட்டி வேண்டாம், சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார்கள். எழுந்து நின்றார்கள். ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. திருமதி ஆர்ம்ஸ்டெட் உறுப்பினர் அல்லர், அவரும் நின்றார். அதைக் குறிப்பில் எழுதச் சொன்னேன்.

கல்லில் ஏழு பெயர். அகர வரிசைப்படி போடலாமா, சாசன வரிசைப்படியா என்று கார்வின் கேட்டான். "முதல் பெயர் பெட்வே. மத்தது உங்க இஷ்டம்," என்றேன். இவ்வளவு உறுதியாக நான் பேசி எனக்கே நினைவில்லை. மே 22 சனிக்கிழமை கல்லைத் திறக்கிறார்கள். உனக்கும் லூடிக்கும் அழைப்பு வரும். சின்னத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. மேசை மேல் இருக்கிறது.

வருவாயா என்று கேட்கத் தகுதி இல்லை. கேட்கிறேன்.

உன் சகோதரன்,
எராஸ்மஸ்


ஓக்லாந்து
11 மார்ச் 1971

எராஸ்மஸ்,

கோராவும் எழுதியிருந்தாள். நீ மேடையில் பேசியது கடைசி வரிசை வரை கேட்டதாம். ஆர்ம்ஸ்டெட்டிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் எழுதி அனுப்பினேன். அவன் கல்லறையில் போய்ப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். நானே போய்ப் படிக்கிறேன், பொறு என்று பதில் போட்டிருக்கிறேன்.

'மன்னித்துவிட்டேன்' என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணாயிற்று. வரவில்லை. பொய்யாக எழுதலாம், ஆனால் உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை. நேரில் முகத்தைப் பார்த்தால் வரலாம் என்று தோன்றுகிறது. வந்தால் அங்கேயே சொல்கிறேன். வராவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம், அதற்கு மன்னிப்புத் தேவையில்லை.

லூடி பயணச்சீட்டு வாங்கிவிட்டாள். பேத்தியும் வருகிறாள். அவள் உன்னிடம் லத்தீனில் ஏதோ கேட்க வேண்டுமாம், இப்போதே சொல்லிவிட்டேன், தயாராக இரு. ரயில் இறங்கி, டேட்டனுக்குப் பேருந்து. மே 20, வியாழன், காலை பதினொன்று நாற்பதுக்கு வருகிறது. உன் ஊருக்கு வந்து, அங்கிருந்து எல்லாரும் சேர்ந்து ஹார்லோ போவோம்.

அந்தச் சின்னத்தைப் போட்டுக்கொண்டு வா. இல்லாவிட்டால் கூட்டத்தில் உன்னை எனக்கு அடையாளம் தெரியாது. என் தலை முழுக்க வழுக்கை, நீயும் அப்படித்தான் இருப்பாய்.

சீக்கிரம் வராதே என்றால் கேட்க மாட்டாய். எப்படியும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து நிற்பாய். பெஞ்சு இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்.

ஹோசியா